கெட்டில் ஊற்றுக்கு வரும் தண்ணீர்

எங்கள் டாலிவர் ஆறு காலண்டரில் வரும். அக்டோபர் மாதத்துப் பக்கம் பெரும்பாலும் அதற்குத்தான். பின்னால் பாறை செங்குத்தாக நிற்கும், கரையில் சிக்கமோர் மரங்கள் எலும்பு மாதிரி வெளுத்துப்போய் நிற்கும், நடுவே அடிக்கல் தெரிகிற தண்ணீரில் ஒரு குடும்பம் படகில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும். அந்தக் குடும்பம் செயின்ட் லூயிஸ் நகரத்திலிருந்து வந்தது என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். எங்கள் ஊர்க்காரர்கள் படகில் உட்கார்ந்து சிரிப்பதில்லை.

படத்தில் வராத விஷயம், இந்த ஆற்றில் பாதி தரைக்கு மேலே ஓடுவதில்லை என்பது. மேல் பள்ளத்தாக்கில் பதினைந்து மைலுக்கு வெறும் கூழாங்கல்தான். மழை பெய்த அன்று ஓடை இரைந்துகொண்டு போகும். மறுநாள் போய்ப் பார்த்தால் கல்லைப் புரட்டினாலும் ஈரம் இருக்காது. எல்லாம் உள்ளே போயிருக்கும். இந்த மிசௌரி மலைகளின் கல் முழுக்க ஓட்டை. உள்ளே போன தண்ணீர் எந்த இருட்டில் எத்தனை நாள் நடந்தது, எந்த மேட்டுக்கு அடியில் நுழைந்தது என்று யாரும் பார்த்ததில்லை. பிறகு ஏதோ ஒரு பாறையின் அடியில் நீலமாக, கோடையிலும் கை மரத்துப்போகிற குளிரில், கொப்பளித்துக்கொண்டு வெளியே வரும். அப்படிப் பதினேழு ஊற்றுகள் சேர்ந்ததுதான் டாலிவர். அவற்றில் பெரியது கெட்டில் ஊற்று.

அந்தத் தண்ணீரைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு விஷயங்களை எல்லாரும் சத்தியமாக நம்புகிறார்கள். ஒன்று, கல் வடிகட்டிக் கொடுப்பதால் அதைவிடச் சுத்தமான தண்ணீர் உலகத்தில் கிடையாது. இரண்டு, சிடார் மேட்டுக்குக் கிழக்கே விழுகிற மழைதான் கெட்டிலுக்கு வரும், மேற்கே விழுவது மேற்கே போய்விடும். இரண்டும் தப்பு. கல் எதையும் வடிகட்டுவதில்லை, அது வெறும் குழாய். மேடு என்பது மழைக்குத்தான் மேடு. அடியில் போகிற தண்ணீருக்கு மேடு இருப்பதே தெரியாது.

இதைத் தெரிந்துகொள்ள நான் பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்ததே நான்தான் முதலில். அப்பா ஆரின் ஸ்ட்ரவுட் ஒன்பதாவதோடு நின்றவர். அண்ணன் டேனர் பதினொன்றோடு. நான் நிலவியல் பட்டம் வாங்கிய அன்று அப்பா இருநூறு மைல் ஓட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் வண்டி நிறுத்துமிடத்தில் குடித்துவிட்டு வண்டிக்குள்ளேயே தூங்கிவிட்டார். நான் அங்கியும் தொப்பியுமாகப் போய்க் கண்ணாடியைத் தட்டி எழுப்பினேன். “முடிஞ்சிருச்சா?” என்று கேட்டார்.

அந்த அப்பா குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. இதையும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நான் அநியாயம் செய்தவளாவேன். ஏற்கெனவே கொஞ்சம் செய்திருக்கிறேன்.

சென்ற வருடம் மாநிலத்தின் தண்ணீர்த் துறையில் ஒரு வேலை கிடைத்தது. எந்த நிலத்தில் உள்ளே போகிற தண்ணீர் எந்த ஊற்றில் வருகிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். ஒரு பழைய வண்டி, நான் ஒருத்தி. சட்டப்படி இரண்டு பேர் இருக்கவேண்டும். இரண்டாவது ஆளின் வேலைக்கு ஆள் எடுக்கிறோம் எடுக்கிறோம் என்று பத்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தங்குவதற்கு ஆற்றோரத்தில் படகு வாடகைக்கு விடும் டெனீஸ் அக்காவின் கடைக்குப் பின்னால் ஓர் அறை. அப்பாவின் வீடு அங்கிருந்து இருபது மைல்தான். ஆனாலும் அறையில்தான் இருந்தேன். காலையில் எழுந்தால் ஆற்றின் மேல் மூடுபனி வெள்ளைச் சுவராக நிற்கும். வெயில் ஏறும்வரை அக்கரை இருக்கிறதா என்றே தெரியாது. சில நாட்களில் நான் பேசுகிற முதல் வார்த்தை மதியம் பெட்ரோல் பங்கில் “தாங்க்ஸ்” என்பதாக இருக்கும்.

ஜூலை நடுவில் அப்பாவின் மேய்ச்சல் நிலத்தில் இடி விழுந்தது. பெரிய ஓக் மரத்தின் அடியில் மழைக்கு ஒதுங்கியிருந்த கன்றுகள் பதினொன்று ஒரே நேரத்தில் செத்துப்போயின. இது எனக்கு ஐந்து வாரம் கழித்து, ஆகஸ்ட் கடைசியில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோதுதான் தெரிந்தது. அவித்த பீன்ஸ், சோள ரொட்டி, வெண்டைக்காய் வறுவல், நறுக்கிய தக்காளி. டேனர் வாய் நிறைய ரொட்டியோடு அதைச் சொன்னான்.

“என்ன பண்ணீங்க அதுங்கள?” என்றேன். கேட்கும்போதே பதில் தெரியும்.

“குழியில போட்டோம்,” என்றார் அப்பா.

சிடார் மேட்டுக்கு மேற்கே இருக்கிற எங்கள் நிலத்தின் நடுவில் தரை உள்வாங்கி ஒரு குழி இருக்கிறது. வீட்டையே உள்ளே வைக்கலாம், அவ்வளவு பெரிது. அடியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குப் பாறையில் பிளவு. மாட்டுக் குளத்தில் நிரம்பி வழிகிற தண்ணீர் சின்ன வாய்க்காலாக வந்து அந்தப் பிளவுக்குள் போய்க்கொண்டே இருக்கும். இந்தப் பக்கத்தில் எல்லார் நிலத்திலும் இப்படி ஒன்றாவது உண்டு. செத்த மாடு, பழைய டயர், ஓடாத ஃப்ரிட்ஜ், மருந்து டப்பா, எல்லாம் அதற்குள்தான் போகும்.

“பதினொண்ணுமா?”

“பின்ன என்ன, பாதிய வச்சு அழகு பாக்கவா?” என்றான் டேனர்.

“பொதைக்கிறதுக்கு மண்ணு வேணும் ஷெல்பி,” என்றார் அப்பா. கோபமில்லாமல்தான் சொன்னார். “நம்ம நிலத்துல ஒரு அடி தோண்டினா கல்லு. அது உனக்கே தெரியும்.”

“அப்பா, அது கெட்டில் ஊத்துக்குப் போகுது.”

டேனர் சிரித்தான். “மேட்டு மேல ஏறியா? லாரி ஏதும் புடிச்சுக் குடுத்தியா தண்ணிக்கு?”

“அடியில போகும்.”

“நீ பாத்தியா ப்ரொபசரம்மா?”

“பாக்க முடியாது. அதனாலதான்...”

“பாக்க முடியாதத நம்புறதுக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்கு. புதன்கிழமை என்னை ஏன் படுத்துற?”

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

“எங்க தாத்தா காலத்துலேருந்து அதுலதான் போடுறோம்,” என்றார். “இன்னி வரைக்கும் அது நெறையல.”

“அதத்தான்பா நானும் சொல்றேன். நெறையலன்னா எல்லாம் எங்கயோ போகுதுன்னுதானே அர்த்தம்.”

அவர் தக்காளியில் உப்புத் தூவினார். ரொம்ப நேரம் தூவினார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, “வர்ற ஞாயித்துக்கிழமை நான் ஞானஸ்நானத்துக்கு எறங்குறேன். பிரதர் லோமன்கிட்ட சொல்லியாச்சு. நீ வருவியா?” என்றார்.

பிரதர் லோமன் எங்கள் ஊர்ச் சபையின் போதகர். ஆகஸ்ட் மாதத்துக் கடைசி ஞாயிறு அன்று கெட்டில் ஊற்றுத் தண்ணீர் ஆற்றில் சேர்கிற மடுவில் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். என் அம்மா அதே மடுவில் முங்கி எழுந்தவள்தான். பிறகு அப்பாவின் குடி தாங்காமல் பக்கத்து மாநிலமான அர்க்கன்சாவுக்குப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா ஐம்பத்தாறு வயதுவரை கரையில்கூட வந்து நின்றதில்லை. அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

“வரேன்பா” என்று சொல்லியிருக்கலாம். நான், “அந்தத் தண்ணியிலயா?” என்றேன்.

“அந்தத் தண்ணியிலதான்,” என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தட்டைக் கழுவினார்.

மறுநாள் வியாழக்கிழமை. வாரா வாரம் வியாழன் அன்று அப்பாவும் டேனரும் மாட்டுச் சந்தைக்குப் போய்விடுவார்கள். காலை பத்து மணிக்கு நான் சாயப் பொடியோடு குழிக்குள் இறங்கினேன்.

எங்கள் வேலை அப்படித்தான். ஒரு சாயத்தை உள்ளே போகிற தண்ணீரில் கொட்டிவிட்டு, சுற்றிலும் உள்ள எல்லா ஊற்றிலும் காத்திருக்கவேண்டும். சாயத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை, குடித்தாலும் ஒன்றும் ஆகாது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் கொட்டவேண்டும். ஊற்றுகளில் சல்லடைத் துணியில் கரி வைத்துத் தைத்த சின்னப் பைகளைச் செங்கல்லில் கட்டித் தொங்கவிடுவோம். கரி சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். சில நாள் கழித்துப் பையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் வந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். தேங்காய்ச் சிரட்டைக் கரி என்று மூட்டையில் போட்டிருக்கும். நான் தென்னை மரத்தை நேரில் பார்த்ததில்லை. எங்கோ கடலோரத்தில் யாரோ தின்றுவிட்டுப் போட்ட சிரட்டை, எங்கள் மலையின் பொய்யைப் பிடிக்க வருகிறது என்று பை தைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இதற்கு மூன்று விதி. நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும். சாயத்தைத் தொட்ட கை கரியைத் தொடக்கூடாது, அதற்குத்தான் இரண்டு பேர். எடை போட்டுத்தான் கொட்டவேண்டும். மூன்றையும் மீறினேன். கையெழுத்து கேட்டால் கிடைக்காது. இரண்டாவது ஆள் இல்லை. எடை போட்டது என் கோபம். அரை பவுண்டு போதும் என்கிற இடத்தில் இரண்டு பவுண்டு கொட்டினேன். ஆய்வுக்கூடத்துக் காகிதத்தைக் காட்டினால் அப்பா, “காயிதத்துல எத வேணா எழுதலாம்,” என்பார். அவர் கண்ணால் பார்க்கவேண்டும். கெட்டில் ஊற்று பச்சையாக வருவதை அவரையும் டேனரையும் கூட்டிப்போய்க் காட்டவேண்டும். அதுதான் என் திட்டம்.

குழிக்குள் நாற்றம் தாங்கவில்லை. மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் போனேன். வாய்க்கால் தண்ணீர் கன்றுகளின் மேல் விழுந்துதான் பிளவுக்குள் போய்க்கொண்டிருந்தது. பொடி துரு மாதிரி சிவப்பாக இருக்கும். தண்ணீர் பட்டதும் பச்சை. கண் கூசுகிற, எந்த இலையிலும் இல்லாத பச்சை. ஒரு நிமிடத்தில் அத்தனையையும் பாறை குடித்துவிட்டது. கையுறை கிழிந்திருந்தது தெரியவில்லை. நகக்கண்ணெல்லாம் பச்சை ஏறிவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

குழியிலிருந்து கெட்டிலுக்கு நேர்கோட்டில் ஒன்பது மைல். இந்தப் பக்கத்தில் தண்ணீர் அடியில் நாளைக்கு ஒரு மைல் போகும் என்று முந்தைய சோதனைகளில் பார்த்திருக்கிறோம். ஆக அடுத்த வாரக் கடைசியில்தான் வரும். ஞாயிறு என்பது வெறும் மூன்று நாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி மழை அடித்து ஊற்றியது.

“நாலு இஞ்சு,” என்றாள் டெனீஸ் அக்கா, காலையில் கடை வாசலில் மழை அளக்கிற குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு. “இன்னிக்குப் படகு ஒண்ணும் போகாது. உக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். உன் மூஞ்சி ஏன்டி இப்படி இருக்கு? யாரோ செத்த மாதிரி.”

“ஒண்ணுமில்லக்கா.”

“காதலா?”

“தண்ணி.”

“அதுவும் ஏமாத்தும்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை மதியம் கெட்டிலுக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது, அவ்வளவுதான். ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கரையில் உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டேன். இவ்வளவு மழை பின்னாலிருந்து தள்ளினால் ஒன்பது நாள் ஐந்தாகும். மூன்றும் ஆகலாம். ஐந்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டேனரின் எண்ணை போனில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். சொன்னால் சிரிப்பான். அப்பா நாளை வரமாட்டேன் என்பார். அல்லது வருவார், நான் கெடுக்கப் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டே வருவார். போனை மூடி வைத்தேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று பிறகு பலரிடம் சொன்னேன். தெரியாமல் நடக்கவில்லை.

ஞாயிறு காலை மூடுபனி கலையும்போது கூழாங்கல் கரையில் அறுபது பேர் இருந்தார்கள். மடக்கு மேஜைகளில் பொரித்த கோழி, பீச் பழப் பணியாரம். டீ போடுவதற்காக ஊற்றில் பிடித்துவந்த தண்ணீர் கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக இருந்தது. முதலில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் முங்கி, குளிரில் பல் கிட்டிக்கொண்டு எழுந்து வந்தார்கள். கடைசியில் அப்பா.

புதுச் சட்டை. கடையில் மடித்த மடிப்பு முதுகில் அப்படியே இருந்தது. இறங்குவதற்கு முன் கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்ததும் தலையை லேசாக ஆட்டினார். நானும் ஆட்டினேன். அந்த ஒரு நொடி, சாயம், குழி, கன்று ஒன்றும் எனக்கு நினைவில் இல்லை.

இடுப்பளவு தண்ணீரில் பிரதர் லோமன் அவர் தோளில் கை வைத்து ஜெபிக்கத் தொடங்கினார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. அதனால் முதலில் பார்த்தது நான்தான்.

தண்ணீர் வரும் திசையில் இருநூறு அடி தள்ளி, பாறைக்கு அடியில், ஊற்றின் தொண்டையில் யாரோ விளக்கைப் போட்டமாதிரி இருந்தது. பிறகு அது வெளியே வந்தது. நீலத்தை ஓரமாகத் தள்ளிக்கொண்டு, அவசரமே இல்லாமல் வந்தது. கத்துவதற்கு எனக்கு நேரம் இருந்தது. வாயைத் திறந்தேன்.

“அய்யோ, தண்ணியப் பாருங்க,” என்றாள் ஒருத்தி.

பிள்ளைகளைப் பின்னால் இழுத்தார்கள். யாரோ ஒரு ஜாடியை எட்டி உதைத்துக் கொட்டினார்கள். பிரதர் லோமன் பாதியில் நிறுத்திவிட்டுத் தன் இடுப்பைச் சுற்றி வருகிற பச்சையைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன். அவர் பார்த்தது அதைத்தான்.

“இது எங்கேருந்து வருது ஷெல்பி?”

அறுபது பேரும் திரும்பினார்கள்.

“நம்ம குழியிலேருந்துப்பா.”

“எப்பப் போட்ட?”

“வியாழக்கெழம.”

“மூணு நாளு,” என்றார். அவர் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஜூலை பாதியிலிருந்து ஆறு வாரம். மேஜையில் இருந்த ஜாடிகளைப் பார்த்தார். முங்கி எழுந்து துண்டு போர்த்தி நின்ற இரண்டு பெண்களைப் பார்த்தார். இடி விழுந்தது ஊருக்கே தெரியும். ஆரின் ஸ்ட்ரவுட் செத்த கன்றுகளை என்ன செய்திருப்பார் என்று அங்கே யாருக்கும் யாரும் சொல்லவேண்டியதில்லை, அவரவர் நிலத்திலும் குழி இருக்கிறது.

“மேல வந்துரலாம் ஆரின்,” என்றார் பிரதர் லோமன் மெதுவாக. “அடுத்த மாசம் வச்சுக்கலாம். ஒண்ணும் கெட்டுப் போயிடாது.”

“இல்ல பிரதர். நான் போட்டதுதானே வருது. முடிங்க.”

“ஆரின்...”

“முடிங்க.”

பிரதர் லோமன் அவர் மூக்கைப் பிடித்து, முதுகைத் தாங்கி, பின்னால் சாய்த்தார். அப்பா பச்சைக்குள் மறைந்தார். எழுந்து வந்தபோது புதுச் சட்டை, மீசை, காது மடல் எல்லாம் பச்சை. யாரும் பாடவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் பாடுவார்கள்.

அவர் கரையேறி நேராக வண்டிக்கு நடந்தார். என்னைத் தாண்டும்போது நின்றார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்.”

“சொன்னேனேப்பா.”

“இன்னிக்குன்னு சொல்லல.”

பெரிதாகக் குரல் எழுப்பவில்லை. வண்டி கிளம்பிப் போனது. டேனர் பின்னாலேயே ஓடினான், என்னைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு. கோழியை யாரும் தொடவில்லை. மேஜையை மடிக்க உதவலாம் என்று போனேன். ஒரு பெண்மணி, “நாங்க பாத்துக்குறோம்,” என்றாள்.

செவ்வாய்க்கிழமைக்குள் சாயம் முழுக்கப் போய்விட்டது. அன்றே என் வேலையும் போனது. மேலதிகாரி போனில் நிதானமாகத்தான் பேசினார். கையெழுத்து இல்லை. இரண்டாவது ஆள் இல்லை. நீ தைத்துக் கட்டின பையெல்லாம் நீ தொட்ட பை, ஒன்றும் செல்லாது. அறுபது பேர் பார்த்தது அறிக்கையில் வராது. ஆகவே அந்தக் குழிக்கும் அந்த ஊற்றுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று துறையால் சொல்லமுடியாது. இரண்டாவது ஆளை நீங்கள்தானே தரவில்லை என்றேன். அதற்கு அவர் என் பொருட்களை எப்போது ஒப்படைக்கமுடியும் என்று கேட்டார்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி திரும்பியிருந்தது. ஸ்ட்ரவுட் வீட்டுப் பெண் ஆற்றில் விஷம் கலந்துவிட்டாள். பெட்ரோல் பங்கில் நான் நுழைந்தால் காபி இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்கும். கன்றுகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. செத்த கன்றுக்கு நிறம் கிடையாது, அது ஆறு வாரம் வந்தாலும் தண்ணீர் நீலமாகத்தான் இருக்கும், காலண்டரில் அழகாகத்தான் விழும். அடுத்த மாதத்திலிருந்து ஞானஸ்நானத்தைச் சபை முற்றத்திலேயே, மாட்டுத் தொட்டி ஒன்றை வாங்கிப்போட்டு, குழாய்த் தண்ணீரில் வைத்துக்கொள்வதாக முடிவு செய்தார்கள். அந்தக் குழாய்க்குத் தண்ணீர் வரும் ஆழ்துளைக் கிணறும் அதே கல்லில்தான் தோண்டியிருக்கிறது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

“ரூமை மாசக் கடைசி வரைக்கும் வச்சுக்கோ,” என்றாள் டெனீஸ் அக்கா. “அதுக்கு மேல என்னால முடியாது புள்ள. கூட்டமே வரல. எனக்கு உம்மேல கோவம் இல்ல.”

“சரிக்கா.”

“கோவம் கொஞ்சம் இருக்கு.”

“சரி.”

பொருட்களை ஒப்படைக்கவேண்டுமே. ஊற்று ஊற்றாகப் போய்ப் பைகளை அவிழ்த்தேன். படகில் தனியாக இரண்டு நாள். செப்டம்பரில் ஆறு வற்றி, வளைவுக்கு வளைவு கூழாங்கல் திட்டு தெரியத் தொடங்கியிருந்தது. தண்ணீர் மெலிந்த இடங்களில் படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நடந்தேன். பாறை இடுக்கில் மீன்கொத்தி ஒன்று ஒவ்வொரு வளைவிலும் எனக்கு முன்னால் பறந்துபோய் உட்கார்ந்து, நான் நெருங்கியதும் திட்டிவிட்டு அடுத்த வளைவுக்குப் போனது. இரண்டு நாளில் என்னிடம் பேசியது அதுதான். தண்ணீரில் குனிந்தால் பத்தடி ஆழத்தில் கிடக்கிற கல்லின் வரி தெரிகிறது. இவ்வளவு தெளிவாக இருந்துகொண்டு இவ்வளவு பொய் சொல்கிற ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பதினேழாவது பையை அவிழ்த்த அன்று டேனர் போன் செய்தான்.

“அப்பா குழியக் கிளறிட்டு இருக்காரு.”

“என்ன?”

“ட்ராக்டர்ல வின்ச் உருளையக் கட்டி, சங்கிலிய எறக்கி, ஒவ்வொண்ணா வெளிய இழுக்குறாரு. நாலு நாளா. காலைல எறங்குனா சாயங்காலம்தான் ஏறுறாரு. என்னைய விட மாட்டேங்குறாரு. நீ வராத. அதச் சொல்லத்தான் பண்ணேன்.”

“அவரு சொன்னாரா, வரவேணாம்னு?”

“அவரு ஒண்ணும் சொல்லல. நான் சொல்றேன்.”

அவன் போனை வைக்கவில்லை. அவன் மூச்சு கேட்டது.

“ஷெல்பி. பதினொண்ணு போட்டோம். நானே எண்ணிப் போட்டேன். மூணோட எலும்புதான் கெடச்சுது. மீதி எங்க போச்சு?”

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவன் இதைக் கேட்டிருந்தால் நான் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். படம் வரைந்து காட்டியிருப்பேன். இப்போது என் காலடியில் ஆறு போய்க்கொண்டிருந்தது. அவனுக்குப் பதில் தேவைப்படவில்லை. போனை வைத்துவிட்டான்.

மறுநாள் சிடார் மேட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தினேன். அங்கிருந்து மேற்கே நேர் கீழே எங்கள் நிலம் முழுக்கத் தெரியும். குழியின் விளிம்பில் ட்ராக்டர். பக்கத்தில் ஒரு குவியல், கொட்டகை உயரத்துக்கு. டயர்கள், முள்கம்பிச் சுருள்கள், கட்டில் ஸ்பிரிங், அம்மா இருந்த காலத்துச் சலவை இயந்திரம். அம்மா வீட்டை விட்டுப் போன அதே வாரம் அப்பா அதைக் குழியில் உருட்டிவிட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அவர் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைத்தான் போட்டிருந்தார். வெயில் பட்டால் அந்தச் சாயம் வெளுத்துவிடும். முதுகு வெளுத்து, அக்குளில் மட்டும் பச்சை மிச்சமிருந்தது.

வண்டியில் என்னிடம் ஒரு காகிதம் இருந்தது, நிலத்துக்காரர் கையெழுத்துப் போடுகிற படிவம். வேலை போனபின்னும் ஒன்றைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கையெழுத்துப் போட்டால் வேறு யாராவது வந்து முறைப்படி செய்யலாம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி, கதவைச் சாத்தினேன்.

சத்தம் அவருக்குக் கேட்டிருக்கவேண்டும். நிமிர்ந்து மேட்டைப் பார்த்தார். என் வண்டி அவருக்குத் தெரியும். கண்ணுக்கு மேல் கையை வைத்து நன்றாகப் பார்த்தார். நான் காத்திருந்தேன், வா என்றோ போ என்றோ ஏதாவது சொல்வார் என்று. அவர் கையை எடுத்துவிட்டு, சங்கிலியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, குழிக்குள் இறங்கிப் போனார்.

இருட்டும்வரை நின்றேன். குழிக்குள்ளிருந்து இரும்பு கல்லில் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. படிவத்தை நான்காக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வண்டியேறி மேட்டின் கிழக்குப் பக்கமாக, ஆற்றை நோக்கி இறங்கினேன்.